ஒரு குழாய்த் தண்ணீரா, ஒரு கண்ணா?



"தொழிலாளியின் கவனக்குறைவால் கண்ணில் ஆசிட் பட்டது."

விபத்துப் புத்தகத்தில் எழுதப்படும் வாசகம் இது. இதை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! தோட்டத்தின் பெயர் மாறும்; தேதி மாறும்; ஆளின் பெயர் மாறும். 'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு சொல் மட்டும் மாறுவதே இல்லை. மரம் வெட்டுகிறவனுக்குக் கவனம் இல்லையாம்! பட்டையை வெட்டும்போது உள்மரத்தில் கத்தி படாமல், மயிரிழை கணக்கில் கையை நிறுத்தத் தெரிந்தவனுக்குக் கவனம் இல்லையாம்! கவனம் இல்லாத கையா நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைக் காயமில்லாமல் வெட்டுகிறது?

ஒரு தோட்டத்து ஸ்டோரில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த அம்மாளின் பெயரும் வேண்டாம். பால் உறைய வைக்கும் தொட்டியருகே ஆசிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆசிட் தெறித்து வலக் கண்ணில் விழுந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. குடிக்க வைத்திருந்த ஒரு போத்தல் தண்ணீரைப் பக்கத்தில் நின்றவர் ஊற்றினார். பிறகு லாரி தேடினார்கள், டிரைவரைத் தேடினார்கள், ஆபீசில் சீட்டுக்குக் காத்திருந்தார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியை அடையும்போது ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. கண் ஓடு வெளுத்த கண்ணாடியாகிவிட்டது.

நாம் கேட்கிறோம்: ஆசிட் தெறித்தது அந்த அம்மாளின் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் இல்லாமற் போனது யாருடைய கவனக்குறைவு?

இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. கண்ணின் அமைப்பே பதில் சொல்கிறது. எலும்பும் சதையும் நரம்பும் சாட்சி சொல்கின்றன. அந்தச் சாட்சியத்தை ஒவ்வொரு தொழிலாளியும், ஒவ்வொரு கிராணியும், ஒவ்வொரு டிரெசரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இன்று எழுத உட்கார்ந்தோம்.

கண் குடியிருக்கும் வீடு

நம் கண் ஒரு சிறு உருண்டை. குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அது குடியிருக்கும் வீட்டுக்குக் கண்குழி என்று பெயர். படுக்க வைத்த கூம்பு போன்றது அது. அகன்ற வாய் முன்புறம். கூர்மையான நுனி பின்புறம், மூளையை நோக்கி. அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். கண் உருண்டை அதில் நான்கில் ஒரு பங்கைக்கூடப் பிடிப்பதில்லை. மீதி இடத்தில் கொழுப்பு மெத்தை, கண்ணைத் திருப்பும் ஆறு தசைகள், இரத்தக் குழாய்கள், நரம்புகள்.

இந்த வீட்டை ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டியிருக்கின்றன. நெற்றி எலும்பு கூரை. கன்ன எலும்பு வெளிச்சுவர். மேல்தாடை எலும்பு தரை. மூக்குப் பக்கத்துச் சுவரிலும் பின்புறத்திலும் மற்ற நான்கு. வாசற்படி மட்டும் நல்ல கனம். புருவ மேட்டையும் கன்ன மேட்டையும் தொட்டுப் பாருங்கள். கல் போல் இருக்கும். ஆனால் உள்ளே போகப் போகச் சுவர் மெலிந்துவிடும். மூக்குப் பக்கத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்றால், உடற்கூறு நூலார் அதற்குக் 'காகிதத் தகடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் தரையும் மெல்லியதே.

இயற்கை ஏன் இப்படிக் கட்டியது என்று நாம் ஆராயப் போவதில்லை. இந்தக் கட்டடம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதே நம் கேள்வி. வாசலின் அகலம் சுமார் 4 சென்டிமீட்டர். உயரம் அதற்குச் சற்றுக் குறைவு. இதைவிடப் பெரிய பொருள் முகத்தில் மோதினால் புருவ மேடும் கன்ன மேடும் அடியை வாங்கிக்கொள்ளும். இதைவிடச் சிறிய பொருள் வந்தால் வாசலைத் தாண்டி நேரே கண்ணில்தான் மோதும்.

தோழர்களே! நம் வேலையில் கண்ணுக்கு வரும் ஆபத்து எதுவென்று எண்ணிப் பாருங்கள். மேல்வெட்டு வெட்டும்போது அண்ணாந்து பார்க்கிற கண்ணில் விழுவது பட்டைத் துணுக்கு. கோடைக் காலத்தில் காய் வெடித்துப் பறப்பது ரப்பர் விதை. புல்வெட்டும் மிஷின் வாரி வீசுவது கூழாங்கல், கம்பித் துண்டு. செம்பனைக் குலையை அறுக்கும்போது மேலிருந்து கொட்டுவது தூசியும் முள்ளும். ஸ்டோரில் தெறிப்பது ஆசிட் துளி, அமோனியாத் துளி. இவற்றில் நாலு சென்டிமீட்டரைவிடப் பெரியது எது? ஒன்றுகூட இல்லை! இயற்கை கட்டிய வேலி மாட்டைத் தடுக்கும்; கொசுவைத் தடுக்காது. நம் தோட்டங்களில் கண்ணைத் தின்பவை எல்லாம் கொசுக்களே.

இமை இருக்கிறதே என்பார்கள். கண்ணை இமை காப்பது போல என்று நாமும் பேசுகிறோம். ஆனால் இமை மூடுவதற்கும் சுமார் பத்தில் ஒரு விநாடி வேண்டும். கைக்கெட்டும் தூரத்திலிருந்து தெறிக்கும் துளி அதுவரை பொறுத்திருக்குமா? மிஷினிலிருந்து பாயும் கல் பொறுத்திருக்குமா? எவ்வளவு கவனமான மனிதனும் தன் இமையைவிட வேகமாகக் கவனிக்க முடியாது. ஆகவே கண்ணாடி அணிவிக்க வேண்டும் என்பது சலுகையும் அல்ல, தருமமும் அல்ல. எலும்பும் இமையும் விட்ட இடைவெளியை அடைக்கும் வேலை அது.

அரை மில்லிமீட்டர் சுவர்

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் தெளிந்த ஓடு ஒன்று இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதன் நடுப்பகுதியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு கடன் அட்டையின் கனம்கூட இதைவிட அதிகம்! நம் பார்வைக்கும் ஆசிட்டுக்கும் நடுவே நிற்பது இந்த அரை மில்லிமீட்டர்தான்.

அந்த ஓட்டின் விளிம்பில், கருமையும் வெண்மையும் சேருமிடத்தில், ஓட்டைப் புதுப்பிக்கும் விதை அணுக்கள் இருக்கின்றன. மேற்பரப்பு சிராய்ந்தால் அவை பெருகி வந்து மூடிவிடும். விதையே வெந்து போனால் பயிர் ஏது? ஓடு வெளுக்கும், புண்ணாகும், இரத்தக் குழாய்கள் படரும், வெளிச்சம் நுழையாது.

ஆசிட் பட்டால் சதையிலுள்ள புரதம் உறைந்து போகும். பால் தொட்டியில் நாம் தினமும் பார்க்கும் அதே காட்சிதான். உறைந்த அந்த அடுக்கே சில வேளை மேலும் ஆசிட் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். ஆனால் பால் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கிறோமே, அந்த அமோனியா இன்னும் கொடியது. அது காரம். அணுக்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். சில நிமிடங்களுக்குள் ஓட்டைக் கடந்து கண்ணுக்குள் இருக்கும் நீரை அடைந்துவிடும், வில்லையையும் கெடுக்கும். சுண்ணாம்பும் காரமே. அது கட்டியாக இமைக்கடியில் ஒட்டிக்கொண்டு வெகு நேரம் சுடும்.

இதற்கு மருந்து என்ன? தண்ணீர்! வேறெந்த மருந்தும் தண்ணீருக்குப் பிறகுதான். இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடும் சுத்தமான தண்ணீரை, நிறுத்தாமல், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல், முடிந்தால் அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். பட்ட அந்த விநாடியே தொடங்க வேண்டும். வலியால் இமை தானாக இறுகும்; ஆகவே இன்னொருவர் பிரித்துப் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அந்தக் கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்க்க வேண்டும்; கழுவிய நீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. ஆசிட்டுக்குக் காரம், காரத்துக்கு எலுமிச்சை என்று மாற்று மருந்து தேடக் கூடாது. அது புண்ணின் மேல் புண்.

டிரெசர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலிமையைப் புரட்டிப் பார்க்காமல் 'கழுவியாயிற்று' என்று சொல்லாதீர்கள்; கட்டியும் மணலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கழுவிய பின் புளிப்பா காரமா என்று காட்டும் தாளைக் கீழிமையின் உட்புறம் வைத்துப் பாருங்கள். கண்ணீரின் இயல்பு அளவு ஏழை ஒட்டியது. அந்த அளவுக்கு வரும் வரை கழுவுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பாருங்கள், ஏனெனில் உள்ளே ஊறிய காரம் மெல்ல வெளியே கசியும். இன்னொன்று: சிவந்த கண்ணைப் பார்த்து நடுங்கி, வெளுத்த கண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கருவிழி விளிம்பைச் சுற்றி இரத்தமே இல்லாமல் பளிங்கு போல் வெளுத்திருந்தால், இரத்தக் குழாய்கள் வெந்துவிட்டன என்று பொருள். அதுதான் அதிக ஆபத்தான கண்.

இப்போது சொல்லுங்கள். இந்தச் சிகிச்சையின் விலை என்ன? ஒரு குழாய், அதில் என்றும் தண்ணீர். பெரிய டாக்டர் வேண்டாம், பெரிய மிஷின் வேண்டாம். இரண்டாவது மணி நேரத்தில் உலகத்தின் சிறந்த கண் டாக்டர் வந்தாலும், முதல் நிமிடத்தில் அந்தக் குழாய் செய்திருக்கக்கூடியதை அவரால் செய்ய முடியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்!

குத்திய கண்ணை அமுக்காதே!

கம்பித் துண்டோ, கத்தி முனையோ, குச்சியோ கண்ணைத் துளைத்துவிட்டால் வழி நேர் எதிரானது. கழுவாதே, துடைக்காதே, அமுக்காதே. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதே.

ஏன்? கண் உருண்டை நீரும் கூழும் நிரம்பிய பை. கிழிந்த பையை அமுக்கினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். வட்டமாக இருக்க வேண்டிய கண்பாப்பா கண்ணீர்த் துளி போல் ஒரு பக்கம் கூராகி நின்றால், உள்ளிருக்கும் திரை கிழிந்த வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அறிக. அந்த அடைப்பே அப்போதைக்கு அந்தக் கண்ணின் உயிர். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டுகிற கை, நல்லெண்ணத்தோடு கண்ணைக் கொல்லும் கை.

இங்கேயும் கண்குழியின் அமைப்பே வழி காட்டுகிறது. புருவ மேடும் கன்ன மேடும் கண்ணைவிடச் சற்று முன்னே நிற்கின்றன அல்லவா? சுத்தமான காகிதக் கோப்பை ஒன்றை, விளிம்பு அந்த எலும்புகளின் மேல் உட்காரும்படி கவிழ்த்து ஒட்டிவிட்டால், பாரம் எலும்பின்மேல்; கண்ணின்மேல் ஒன்றும் படாது. பால் மங்கை எடுத்துக் கவிழ்க்காதீர்கள். அதில் அழுக்கு இருக்கும். ஆளைத் தலை உயர்த்திப் படுக்க வையுங்கள். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காமல் கண் ஆப்பரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மிஷின் கல்லோ கம்பியோ பறந்து பட்டதென்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியலாம். இரும்பு உள்ளே இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. பிரான்சு நாட்டில் பாரிசுக்கு அருகே ஒரு சிற்றூரில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளிக்கு 1809ஆம் ஆண்டு ஒரு பிள்ளை பிறந்தது. 1812இல், மூன்று வயதில், தகப்பனின் பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கும் குத்தூசி ஒரு கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண் போயிற்று. பின்னர் காயமே படாத மறு கண்ணும் போயிற்று. ஐந்து வயதுக்குள் முழுக் குருடு. அந்தப் பிள்ளைதான் குருடர்கள் விரலால் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை உலகுக்குத் தந்த லூயி பிரெயில்.

ஒரு கண்ணில் பட்ட காயம் மறு கண்ணை எப்படித் தின்றது? கிழிந்த கண்ணின் உட்சதை வெளிப்பட்டால், சில பேருக்கு உடம்பின் காவல் படையே அதைப் பகை என்று எண்ணி, நல்ல கண்ணிலுள்ள அதே சதையையும் தாக்குகிறது. வாரங்கள் கழித்து வரலாம். மாதங்கள் கழித்தும் வரலாம். பிரெயிலுக்கு நேர்ந்தது இதுவே என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். இன்று அபூர்வம், உடனே தைத்துச் சிகிச்சை செய்தால் இன்னும் அபூர்வம். ஆனால் 'ஒரு கண்தானே, இன்னொன்று இருக்கிறதே' என்று பேசும் கனவான்களுக்கு இதுவே விடை. பிரெயில் போல் எல்லாரும் மேதை ஆவதில்லை. நாம் மேதைகளைக் கேட்கவில்லை. குத்தூசிக்கு ஓர் உறை கேட்கிறோம்.

அடி வெளியே, ஆபத்து உள்ளே

1957. நம் நாடு மெர்டேக்கா கண்ட ஆண்டு. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித், ரீகன் என்ற இரு டாக்டர்கள் ஒரு சோதனை செய்து எழுதினார்கள். இறந்தவரின் கண்ணின்மேல் பந்து ஒன்றை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். கண்குழியின் வாசல் எலும்பு அப்படியே நின்றது. உள்ளே தரை உடைந்தது. இது 'வெடித்த முறிவு' எனப்படும். வெளியே தோல்கூடக் கிழியாமல் இருக்கலாம்; உள்ளே தரை உடைந்து கொழுப்பும் தசையும் கன்னப் பொந்துக்குள் இறங்கியிருக்கலாம்.

மட்டை தெறித்தோ விழுந்தோ கண்ணில் அடிபட்டவர், ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றால், மேலே பார்க்க முடியவில்லை என்றால், கன்னமும் மேலுதடும் மரத்துவிட்டது என்றால், அவர் சாக்குச் சொல்லவில்லை! தரையின் வழியே ஓடும் நரம்பும், அங்கே சிக்கிய தசையும் பேசுகின்றன. அவர் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் எலும்புப் பொந்திலிருந்து காற்று கண்குழிக்குள் ஏறும். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பந்து பட்ட பிள்ளையின் கண் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் வலிக்கும், வாந்தி எடுக்கும். தசை முறிவில் கவ்வப்பட்டிருக்கிறது. நாள் கடத்தாமல் ஆப்பரேஷன் வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. கண்குழிக்கு எலும்புச் சுவர் எல்லாப் பக்கமும். திறப்பு முன்னால் மட்டும். அந்த முன்வாசலையும் இமைகளும், அவற்றை எலும்போடு பிணைத்த கட்டுகளும் இழுத்து அடைத்திருக்கின்றன. அடிபட்டுக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்கினால் அது எங்கே போகும்? போக இடமில்லை. கண் முன்னே பிதுங்கும். கல் போல் இறுகும். பார்வை நரம்புக்கு இரத்தம் நின்றுபோகும். பார்வை மங்கி அணையும். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கத்தைத் தளர்த்தாவிட்டால் போன பார்வை திரும்பாது என்பதே அவசரப் பிரிவு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதைத் தளர்த்தும் சிகிச்சை பெரியதன்று. கண்ணின் வெளி ஓரத்தில் இமையைப் பிடித்திருக்கும் கட்டைப் பயின்ற டாக்டர் வெட்டிவிட்டால், அடைத்த வாசல் திறந்து கண் முன்னே வர இடம் கிடைக்கும். படம் எடுத்துப் பார்க்கும் வரைகூட இதற்குக் காத்திருக்கக் கூடாது.

ஒன்றரை மணி நேரம்! தோழர்களே, அந்த அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். பல தோட்டங்களில் முன்பு ஆஸ்பத்திரி இருந்தது, டிரெசர் இருந்தார். செலவு என்று சொல்லி மூடினார்கள். 'பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே' என்றார்கள். இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியின் டாக்டர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் கண்ணின் கடிகாரம் தோட்டத்தில் ஓடத் தொடங்குகிறது. ஆஸ்பத்திரி வாசலில் அல்ல!

நம் வீட்டுக் குற்றம்

முதலாளியை மட்டும் சாடிவிட்டு நம் பிழையை மூடி வைப்பது நம் வழக்கமல்ல. கண்ணில் தூசி விழுந்தால் தாய்ப்பால் விடுகிறோம், விளக்கெண்ணெய் விடுகிறோம், நாக்கால் துழாவி எடுக்கிறோம், சேலை முந்தானையைச் சுருட்டித் துடைக்கிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் கிருமிக்கு அன்பு தெரியாது. இலையோ பட்டையோ கீறிய கண்ணில் பூஞ்சைக் காளான் புகுந்து வளரும். நம்மைப் போன்ற வெப்பநாட்டு வேளாண் தொழிலாளரின் கண்ணைக் கெடுப்பதில் இது முன்னணியில் நிற்கிறது. கீறலுக்குப் பிறகு சில நாளில் வலியும் வெண்புள்ளியும் கண்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சென்ற முறை வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறதே என்று விட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பைக் குறைத்து நம்மை ஏமாற்றும். உள்ளே காளானுக்கு உரமாகும். மரக்க வைக்கும் சொட்டு வலியை மறைக்கும். ஆனால் ஆறும் ஓட்டைக் கெடுக்கும்.

கண்ணாடி கொடுத்தும் அணிவதில்லை என்று நிர்வாகத்தினர் புகார் செய்கிறார்கள். உண்மை, சிலர் அணிவதில்லை. ஏன்? விடியற்காலைப் பனியிலும் வியர்வையிலும் பத்து நிமிடத்தில் கண்ணாடி மூடிக்கொள்கிறது, வெட்டுக்கோடு தெரிவதில்லை. பார்க்க முடியாத கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி கொடுத்தோம் என்பது, ஓட்டை வாளியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தோம் என்பது போல! புல்வெட்டும் மிஷினுக்கு வலைத் திரையோடு கண்ணாடி. ஆசிட் கலக்குபவருக்குத் துளி நுழையாமல் காற்று மட்டும் நுழையும் மூடிய கண்ணாடி. மேல்வெட்டு ஆளுக்கு இலேசான, மூடிக்கொள்ளாத கண்ணாடி. வேலை தோறும் வேறு கண்ணாடி வேண்டும். கொடுங்கள், அணியாதவனை நாமே பெரட்டில் வைத்துக் கேட்கிறோம்.

கிராணியின் பேனா

கிராணிமார்களே! உங்கள் கையிலும் ஒரு கண் இருக்கிறது. அது உங்கள் பேனா. ஆசிட் பட்ட கண்ணை 'கண் வலி, ஒரு நாள் லீவு' என்று எழுதினால், அந்தக் குடும்பத்தின் உரிமை அந்த வரியிலேயே செத்துவிடும். 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971 முதல் சொக்சோ நடந்து வருகிறது. வேலையில் கண் போனால் நிரந்தர ஊன உதவி பெற வழி இருக்கிறது. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் 2019 முதல் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. நம் பக்கத்து நிரையில் நிற்பவர் இந்தோனேசியராகவோ வங்காள தேசத்தவராகவோ இருக்கலாம். அவர் கண்குழியிலும் ஏழே எலும்புதான். அவருக்கு மலாயோ தமிழோ தெரியாவிட்டால் அவருக்காக எழுத வேண்டியவர் நீங்கள்.

எழுதும்போது இவற்றை எழுதுங்கள்: எந்த மணிக்குப் பட்டது, என்ன பட்டது, எந்தக் கண், எத்தனை நிமிடம் கழுவப்பட்டது, குழாயில் தண்ணீர் இருந்ததா, கண்ணாடி கொடுக்கப்பட்டிருந்ததா, எந்த மணிக்கு வண்டி கிளம்பியது. 'கவனக்குறைவு' என்ற சொல்லை எழுதச் சொன்னால், யாருடையது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. பாதுகாப்பான வேலையிடம் தருவது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று தெரிவித்தும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தந்திருக்கிறது. ஆசிட் தொட்டி இருக்கிறது, தண்ணீர் இல்லை என்றால், அது ஆபத்து இல்லாமல் வேறென்ன?

ஆகவே நம் கோரிக்கை நான்கே நான்கு.

ஒன்று: ஆசிட்டும் அமோனியாவும் புழங்கும் ஒவ்வோர் இடத்திலும், சில எட்டு தூரத்தில், இரு கண்ணையும் கழுவும் ஓடும் நீர்க் குழாய். நாள்தோறும் காலையில் திறந்து பார்த்துப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். நீர் இல்லாத நாளில் ஆசிட் திறக்கக் கூடாது.

இரண்டு: வேலைக்கேற்ற கண்ணாடி, தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்காமல்.

மூன்று: ஒவ்வொரு வேலைப் பிரிவிலும் கண் முதலுதவி பயின்ற இருவர், தோட்டத்தில் மருத்துவ உதவியாளர், கேட்ட நிமிடம் கிளம்பும் வண்டி. சீட்டு பிறகு எழுதலாம்.

நான்கு: கண் விபத்து ஒவ்வொன்றையும் சங்கப் பிரதிநிதி முன்னிலையில் விசாரித்து எழுத வேண்டும்.

இதற்குப் பணம் இல்லை என்பார்கள். பால் தொட்டியைக் கழுவத் தண்ணீர் இருக்கிறது. வாளியைக் கழுவத் தண்ணீர் இருக்கிறது. ஆபீஸ் காரைக் கழுவத் தண்ணீர் இருக்கிறது. தொழிலாளியின் கண்ணைக் கழுவ மட்டும் தண்ணீர் இல்லையா?

தோழர்களே! இந்த ஏட்டை மடித்து வைத்துவிட்டு, நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டோருக்குப் போய் அந்தக் குழாயைத் திருகிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் நல்லது. வராவிட்டால், அன்றைக்கே தேதியும் நேரமும் போட்டுச் சங்கக் கிளைக்கு எழுதுங்கள். இன்னொரு கண் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.